1936: ஒரு கேப்டன், ஒரு தங்க வாட்ச், களத்தில் இறங்காத கோபாலன்

ரொம்ப நாளா எழுதணும்னு நோட்டுல கிடந்த குறிப்பு இது. விளையாட்டில் நடக்கும் உள் அரசியலைப் பற்றிப் பேச்சு வந்தாலே நம்ம ஆட்கள் உடனே இன்றைய செய்திகளுக்குப் போயிடறாங்க. எனக்கு எப்பவும் 1936 ஞாபகம்தான் வரும். அந்த வருஷம் இந்திய கிரிக்கெட் அணி இங்கிலாந்துக்குப் போன சுற்றுப்பயணம், ஒரு அணியை உள்ளிருந்தே எப்படி உடைக்கலாம் என்பதற்கு ஒரு முழுப் பாடப்புத்தகம். அவமானப்படுத்துதல், ஆளைப் பிரித்தல், பரிசு காட்டி வாங்குதல், வேண்டாதவனை வீட்டுக்கு அனுப்புதல், கடைசியில் விசாரணைக் கமிஷன் என்று எல்லாமே அதில் இருக்கிறது. அதில் மதராஸ்காரர்கள் இரண்டு பேர் இருந்தார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

தென்காசியில் உட்கார்ந்துகொண்டு லார்ட்ஸ் மைதானத்தைப் பற்றி எழுத என்ன இருக்கு என்று கேட்கலாம். ஆனி, ஆடியில் நமக்குக் குற்றாலத்தில் சாரல் விழும்போது அங்கே அவர்களுக்குக் கிரிக்கெட் சீசன். அது ஒரு ஒப்பு, அவ்வளவுதான். உண்மையான காரணத்தைப் பின்னால் சொல்றேன்.

கேப்டன் எப்படி வந்தார்?

அந்தக் காலத்தில் இந்திய கிரிக்கெட் வாரியத்துக்குச் சொந்தப் பணம் என்று பெரிசா ஒன்றும் கிடையாது. வாரியமே 1928இல்தான் தொடங்கியது. கப்பல் டிக்கெட், ஓட்டல், உடை எல்லாமே சமஸ்தான ராஜாக்கள் கையை எதிர்பார்த்து நடந்தது. பணம் கொடுப்பவர் கேப்டன் ஆசனத்தில் உட்காருவதும் அதோடு சேர்ந்து வந்தது. 1932இல் முதல் டெஸ்ட் ஆட லார்ட்ஸுக்குப் போன அணிக்கும் கேப்டன் ஒரு மகாராஜாதான், போர்பந்தர் மகாராஜா. ஆனால் அவருக்குத் தன்னுடைய ஆட்டம் எவ்வளவு என்று தெரிந்திருந்தது. டெஸ்ட் அன்று ஒதுங்கிக்கொண்டு சி.கே. நாயுடுவைத் தலைமை தாங்க வைத்தார். அந்தப் பெருந்தன்மையை வரலாறு சரியாகக் கொண்டாடவில்லை என்பது என் எண்ணம்.

1936இல் அந்த இடத்துக்கு வந்தவர் விசி. முழுப்பெயர் பூசபாடி விஜய ஆனந்த கஜபதி ராஜு, விஜயநகரம் மகாராஜ்குமார். விஜயநகரம் என்றதும் ஹம்பியை நினைக்க வேண்டாம், இது ஆந்திரத்து விசாகப்பட்டினம் பக்கத்து ஜமீன். அந்த வீட்டின் இளைய மகன் இவர். காசியில் குடியேறி, அரண்மனை வளாகத்திலேயே மைதானம் அமைத்து, சொந்தமாக ஒரு அணியே வைத்திருந்தார். 1930-31இல் ஜாக் ஹாப்ஸையும் ஹெர்பர்ட் சட்கிளிஃபையும் இங்கிலாந்திலிருந்து வரவழைத்துத் தன் அணியில் ஆட வைத்தார் என்றால் கையில் இருந்த பணத்தையும், இருந்த ஆசையையும் புரிஞ்சிக்கலாம். வைஸ்ராய் வில்லிங்டன் பிரபுவோடு நெருக்கம். டெல்லி மைதானத்தில் வில்லிங்டன் பெயரில் பெவிலியன் கட்டிக் கொடுத்தார். தேசிய சாம்பியன்ஷிப் கோப்பைக்கு ரஞ்சி பெயர் வைக்கலாமா, வில்லிங்டன் பெயர் வைக்கலாமா என்று சண்டை வந்தபோது, வில்லிங்டன் பக்கம் தங்கக் கோப்பையோடு நின்றவரும் இவரே.

அணியில் அப்போது யார் யார் இருந்தார்கள்? சி.கே. நாயுடு, நாற்பது வயது, இந்தியாவின் முதல் டெஸ்ட் கேப்டன். விஜய் மெர்ச்சன்ட், லாலா அமர்நாத், முஷ்டாக் அலி, வசீர் அலி, வேகப்பந்துக்கு முகமது நிசார். லங்காஷயர் லீக்கில் ஆடிக்கொண்டிருந்த அமர் சிங்கும் டெஸ்டுகளுக்கு வந்து சேர்ந்தார். இவ்வளவு பேருக்கு மேல் கேப்டனாக, ஒன்பதாவதாக இறங்கும் ஒரு ஆட்டக்காரர். அந்தத் தொடரின் மூன்று டெஸ்டில், ஆறு இன்னிங்ஸில் விசி எடுத்தது மொத்தம் 33 ரன். சராசரி 8.25. எதிரணிக் கேப்டனிடம் தங்க வாட்ச் கொடுத்துத் தனக்கு லேசான பந்து போடச் சொன்னார் என்றும் ஒரு கதை உண்டு. அதை இங்கே நிரூபிக்கப் போவதில்லை. ஆனால் அந்தச் சுற்றுப்பயணத்தில் இன்னொரு வாட்ச் இருக்கிறது, அது முக்கியம்.

அமர்நாத் கப்பல் ஏறிய கதை

லாலா அமர்நாத்துக்கு அப்போது 24 வயசு. இந்தியாவுக்காக டெஸ்டில் முதல் சதம் அடித்தவர் அவர், 1933 டிசம்பர், பம்பாய் ஜிம்கானா, 118 ரன். 1936 சுற்றுப்பயணத்திலும் முதல் ஆறேழு வாரத்தில் அணியின் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர் அவர். எசெக்ஸ் கவுண்டிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் இரண்டு இன்னிங்ஸிலும் சதம்.

ஜூன் மாதம், லார்ட்ஸ், மைனர் கவுண்டீஸ் அணிக்கு எதிரான ஆட்டம். உடம்பில் வலி இருந்தும் ஆட வேண்டியிருந்தது. பேடு கட்டிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருக்கிறார். விக்கெட் விழுது, இன்னொருத்தரை அனுப்புகிறார் கேப்டன். மறுபடி விழுது, மறுபடி இன்னொருத்தர். இப்படியே போய், நாள் முடிய சில நிமிஷம் இருக்கும்போது அவரை இறக்கினார்கள். ஆட்டம் முடிஞ்சு டிரஸ்ஸிங் ரூமுக்கு வந்தவர் பேடை, மட்டையை வீசிவிட்டுப் பஞ்சாபியில் ஏதோ கோபமாகச் சொன்னார். அவ்வளவுதான் நடந்தது.

விசியும் அணி மேலாளர் மேஜர் பிரிட்டன்-ஜோன்ஸும் சேர்ந்து அவரை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்ப முடிவு செய்தார்கள். இந்த மேஜர் யார்? கிரிக்கெட் நிர்வாகி அல்ல, வைஸ்ராய் மாளிகையோடு தொடர்புடைய ராணுவ அதிகாரி. சக ஆட்டக்காரர்கள் சிலர் பரிந்து பேசினார்கள். மன்னிப்பும் கேட்கப்பட்டது. பலிக்கவில்லை. முதல் டெஸ்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, அணியின் முன்னணி ஆல்ரவுண்டர் கப்பல் ஏறினார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். பேடு கட்டிக்கொண்டு காத்திருக்க வைப்பது எந்த விதியையும் மீறவில்லை. ஆட்ட வரிசையை மாற்றுவது கேப்டன் உரிமை. எழுதிப் புகார் கொடுத்தால் அதில் ஒன்றுமே இருக்காது. ஆனால் உடம்பு வலியோடு, ஆயத்தமாக, எல்லார் முன்னாலும் மணிக்கணக்கில் உட்கார வைக்கப்பட்டவனுக்கு அது என்ன என்று தெரியும். அவன் கோபப்பட்டு ஒரு வார்த்தை விட்டான் என்றால் அந்த வார்த்தைதான் பதிவாகும், அதற்கு முன்னால் நடந்தது பதிவாகாது. ஒழுங்கு நடவடிக்கை எப்பவும் கடைசி வார்த்தையிலிருந்துதான் ஆரம்பிக்கும்.

இந்தக் களேபரத்துக்கு நடுவில், சுற்றுப்பயணம் முடியும் முன்னாலேயே விசிக்கு சர் பட்டமும் கிடைச்சது.

சாப்பாட்டு மேசையும் டெஸ்ட் தொப்பியும்

லார்ட்ஸ் டெஸ்டில் இந்தியா முதல் இன்னிங்ஸில் 147, இங்கிலாந்து 134. ஆமாம், நாம் முன்னிலை எடுத்தோம். அமர் சிங் 35 ரன்னுக்கு 6 விக்கெட். இரண்டாவது இன்னிங்ஸில் 93க்குச் சுருண்டு 9 விக்கெட்டில் தோற்றோம். அமர்நாத் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியை இங்கேயே விட்டுடறேன், வரலாற்றில் அதற்குப் பதில் கிடையாது.

இரண்டாவது டெஸ்ட், மான்செஸ்டர், ஜூலை கடைசி. இரண்டாவது இன்னிங்ஸில் மெர்ச்சன்ட்டும் முஷ்டாக் அலியும் முதல் விக்கெட்டுக்கு 203 ரன் சேர்த்தார்கள். மெர்ச்சன்ட் 114, முஷ்டாக் 112. வெளிநாட்டு மண்ணில் இந்தியர் அடித்த முதல் டெஸ்ட் சதம் முஷ்டாக்குடையது. இவர்கள் மட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கும் முன் விசி முஷ்டாக்கிடம், மெர்ச்சன்ட்டை ரன் அவுட் ஆக்கினால் தங்க வாட்ச் தருவதாகச் சொன்னாராம். முஷ்டாக் களத்துக்குள் போனதும் அதை மெர்ச்சன்ட்டிடமே சொல்லிவிட்டார், இருவரும் சிரித்துக்கொண்டே 203 ரன் போட்டார்கள் என்பது கிரிக்கெட் எழுத்தில் திரும்பத் திரும்ப வரும் கதை. முஷ்டாக் பிற்காலத்தில் சொன்னதாக வருவது.

வாட்ச் கதையில் எனக்குப் பிடிச்சது அந்தச் சிரிப்புதான். 21 வயசுப் பையனிடம் கேப்டன் வந்து உன் கூட்டாளியைக் கவிழ்த்துவிடு என்கிறார். அவன் அதை மனசுக்குள் வைத்துக்கொள்ளாமல் நேராகக் கூட்டாளியிடமே போட்டு உடைத்துவிடுகிறான். பிரித்தாளும் வேலை ஓடுவதே ரகசியத்தில்தான். ஒருத்தன் வாயைத் திறந்தால் போதும், அன்றைக்காவது அது படுத்துவிடும். ஆனால் எல்லாருக்கும் முஷ்டாக்கின் துணிச்சல் வருமா? வராது. அதற்கு ஓவல் டெஸ்ட் சாட்சி.

மூன்றாவது டெஸ்ட், ஓவல் மைதானம். பாகா ஜிலானி என்ற பந்துவீச்சாளருக்கு முதல் முறையாக டெஸ்ட் தொப்பி கிடைத்தது. எப்படிக் கிடைத்தது? காலை உணவு மேசையில் எல்லார் முன்னிலும் சி.கே. நாயுடுவை அவர் அவமானப்படுத்திப் பேசினார், அதற்குப் பரிசுதான் அந்த இடம் என்று அதே அணியில் ஆடிய ஒருவர் தன் சுயசரிதையில் எழுதி வைத்தார். அந்த இடத்துக்குக் காத்திருந்தவர் வங்காளத்தின் சுட்டே பானர்ஜி. ஜிலானி ஆடிய ஒரே டெஸ்ட் அதுதான். நாயுடு அந்த டெஸ்டின் இரண்டாவது இன்னிங்ஸில் 81 அடித்தார். நாற்பது வயசுக்காரர், காலையில் மேசையில் வாங்கியதற்கு மாலையில் மட்டையால் பதில் சொன்னார் என்று சினிமா மாதிரி சொல்லத் தோணும். ஆனால் அணி 9 விக்கெட்டில் தோற்றது, தொடர் 2-0.

சாட்சி சொன்ன மதராஸ்காரர்

மேலே சொன்ன சுயசரிதையை எழுதியவர் கோட்டா ராமசுவாமி. மதராஸ் கிரிக்கெட்டின் தந்தை என்று சொல்லப்படும் புச்சி பாபு நாயுடுவின் மகன். புச்சி பாபு பெயரில் இப்பவும் சென்னையில் போட்டி நடக்குது, கேள்விப்பட்டிருப்பீங்க. ராமசுவாமி கேம்பிரிட்ஜில் படித்தவர், 1922இல் டேவிஸ் கோப்பை டென்னிஸில் இந்தியாவுக்காக ஆடியவர். டென்னிஸ், கிரிக்கெட் இரண்டிலும் நாட்டுக்காக ஆடிய அபூர்வப் பிறவி.

1936இல் மான்செஸ்டரில் முதல் டெஸ்ட் ஆடும்போது அவருக்கு வயசு நாற்பது தாண்டியிருந்தது. அங்கே 40, 60. ஓவலில் 29, ஆட்டமிழக்காமல் 41. இரண்டே டெஸ்ட், 170 ரன், சராசரி 56க்கு மேல். அதற்குப் பிறகு டெஸ்ட் கிடையாது.

1966இல் அவர் எழுதிய தன் வரலாற்றில்தான் அந்தக் காலைச் சாப்பாட்டு மேசை வருகிறது. சம்பவம் நடந்து முப்பது வருஷம் கழித்து. விசி காலமானது 1965 டிசம்பர். இதில் நான் யாரையும் குத்தம் சொல்லவில்லை. ஒரு சாட்சி பேசுவதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு இது ஒரு கணக்கு, அவ்வளவுதான். அவர் சும்மா இருந்தவரும் அல்ல. 1952-53இல் மேற்கிந்தியத் தீவுகள் போன இந்திய அணிக்கு மேலாளராகப் போனார்.

அவருடைய முடிவு விசித்திரமானது. 1985 அக்டோபரில், 89 வயதில், அடையாறு வீட்டிலிருந்து வெளியே போனவர் திரும்பி வரவே இல்லை. இன்றுவரை எங்கே போனார், என்ன ஆனார் என்பது யாருக்கும் தெரியாது.

ஆடாமல் தோற்றவர்

இப்ப இரண்டாவது மதராஸ்காரர். இந்தக் கட்டுரையே இவருக்காகத்தான். எம்.ஜே. கோபாலன். 1909இல் செங்கல்பட்டுப் பக்கம் மொரப்பாக்கம் கிராமத்தில் பிறந்தவர். ராஜாவும் இல்லை, ஜமீனும் இல்லை. மதராஸில் சி.பி. ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேய ஆட்டக்காரர் கண்ணில் பட்டு, பர்மா ஷெல் கம்பெனியில் வேலை கிடைத்து, அப்படி மேலே வந்தவர். வேகப்பந்து வீசுவார்.

ரஞ்சிக் கோப்பை வரலாற்றின் முதல் பந்தை வீசியவர் இவர்தான். 1934 நவம்பர் 4, சேப்பாக்கம், மதராஸ் – மைசூர். அந்த ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது, மதராஸ் ஜெயித்தது. 11 விக்கெட் எடுத்தவர் ஏ.ஜி. ராம் சிங், அவருக்குக் கடைசிவரை ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்கவில்லை. அது தனிக் கதை, இன்னொரு நாள். கோபாலனுக்கு 1934 ஜனவரியில் கல்கத்தாவில் ஜார்டின் அணிக்கு எதிராக ஒரு டெஸ்ட் கிடைத்தது, ஒரு விக்கெட்.

கோபாலனுக்கு இன்னொரு முகம் ஹாக்கி. 1935இல் தியான் சந்த் தலைமையில் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா போன இந்திய அணியில் இவரும் இருந்தார். அப்போதைய இந்திய ஹாக்கி என்றால் உலகத்தில் எதிர்த்து நிற்க ஆள் கிடையாது. 1928, 1932 இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம். அடுத்தது 1936 பெர்லின்.

இரண்டு கதவும் திறந்திருந்தது. பெர்லினுக்கு ஹாக்கி மட்டையோடு போகலாம், இங்கிலாந்துக்குக் கிரிக்கெட் பந்தோடு போகலாம். அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தார்.

இனி தேதியைப் பாருங்க. 1936 ஆகஸ்ட் 15. பெர்லினில் ஹாக்கி இறுதிப் போட்டி, முந்தின நாள் மழையால் தள்ளிப்போய் அன்றைக்கு நடந்தது. இந்தியா 8, ஜெர்மனி 1. அதே ஆகஸ்ட் 15, லண்டனில் ஓவல் டெஸ்டின் முதல் நாள். நாயுடுவைத் திட்டிய ஜிலானி தொப்பி வாங்கி ஆடுகிறார். கோபாலன் ஆடும் பதினொருவரில் இல்லை. லார்ட்ஸிலும் இல்லை, மான்செஸ்டரிலும் இல்லை. மூன்று டெஸ்டிலும் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. தங்கப் பதக்கம் ஒரு ஊரில், டெஸ்ட் தொப்பி ஒரு ஊரில், இரண்டும் இல்லாமல் அவர் 27 வயதில் பெவிலியனில்.

இந்தப் பகுதியை நான் குற்றாலத்தில் ஒரு ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியரிடம் சொன்னேன். ஐந்தருவிக்குப் போகும் வழியில் ஒரு டீக்கடையில் அவரைப் பார்ப்பேன், கபடி, வாலிபால் என்று நாற்பது வருஷம் பயல்களோடு கிடந்தவர். கேட்டுட்டு கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம் சொன்னார்: “தம்பி, ஒரு பயல ஒழிக்கணும்னா அடிக்கவே வேண்டாம். டீம்ல பேரப் போடு, கூடவே கூட்டிட்டுப் போ, கடசிவர ஒக்கார வச்சிரு. அவன் எவன்ட்டப் போயி என்னன்னு சொல்லுவான்? எடுக்கலன்னு சொல்ல முடியாதுல்லா, எடுத்துருக்கே!”

“அப்போ அமர்நாத்துக்கு நடந்தது?” என்றேன்.

“அவன் கத்துனான், அதனால அவன் கத தெரியுது. கத்தாதவன் கதய யாரு எழுதுவா? நீங்க எழுதுங்க சார்வாள்,” என்று சிரித்தார்.

தென்காசியிலிருந்து இதை எழுதக் காரணம் கேட்டீர்களே, இதுதான். நம்ம பக்கம் கொடை விழாவுக்கு ராத்திரி விளக்குப் போட்டுக் கபடி நடக்காத ஊர் குறைவு. அங்கே தூசியில் விழுந்து எழும் பயல் பிள்ளைகளில் ஒருத்தன் மாவட்டம், மாநிலம் என்று போகும்போது அவன் முதலில் படிக்கும் பாடம் ஆட்டத்தைப் பற்றியதாக இருப்பதில்லை. யார் யாருக்கு வேண்டியவர், யார் சாதி என்ன, எந்த சார்கிட்ட எப்படி நிக்கணும் என்பதைத்தான் முதலில் படிக்கிறான். பெண் பிள்ளைகளுக்கு இன்னும் ஒரு பயம் கூடுதல். நானும் பள்ளிக்கூட நாளில் ஒரு தேர்வுக்குப் போய், பெயர்ப் பட்டியல் முந்தின நாளே டைப் அடிச்சு மேசை மேல் இருந்ததைப் பார்த்தவன்தான். அது பெரிய கதை ஒன்றும் இல்லை, எல்லா ஊரிலும் நடப்பது. எல்லா ஊரிலும் நடப்பது என்பதுதான் சங்கடமே.

கமிஷன் என்ன சொன்னது?

அமர்நாத் திரும்பி வந்த பிறகு ஊரே கொந்தளித்தது. பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி சர் ஜான் பியூமான்ட் தலைமையில் குழு அமைத்தார்கள். 1937 ஜனவரியில் அறிக்கை வந்தது. கேப்டனுக்குக் களத்தில் ஆள் நிறுத்தவும் தெரியவில்லை, பந்துவீச்சை மாற்றவும் தெரியவில்லை, ஆட்ட வரிசை நிலையாக இல்லை, நல்ல ஆட்டக்காரர்கள் வாரக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருக்க நேர்ந்தது என்ற போக்கில் அது போனது. நாயுடுவும் அணியோடு ஒட்டாமல் ஒதுங்கி இருந்தார் என்று அவரையும் விடவில்லை. அமர்நாத் மேல் பெரிய குற்றம் இல்லை என்று விடுவித்தது.

சும்மா உட்கார வைத்ததும் ஒரு குற்றமாக அறிக்கையில் ஏறியது கவனிக்க வேண்டிய விஷயம். கோபாலனுக்காக யாரும் வழக்குப் போடவில்லை. இருந்தாலும் அவர் நிலைமை ஒரு வரியில் இடம்பிடித்துவிட்டது, பெயர் இல்லாமல்.

சரி, அதனால் என்ன ஆச்சு? அமர்நாத் நிரபராதி. ஆனால் இந்தியா அடுத்த டெஸ்ட் ஆடியது 1946இல், நடுவில் உலகப் போர். 24 வயதில் பறிபோன மூன்று டெஸ்டை யாரும் திருப்பித் தரவில்லை. பிறகு 1947-48இல் ஆஸ்திரேலியாவுக்குக் கேப்டனாகப் போனார், 1949இல் வாரியத் தலைவர் அந்தோணி டி மெல்லோவோடு மோதி மறுபடி தடை வாங்கினார். வாய் சும்மா இருக்காத மனுஷன். விசி? 1954 முதல் 1957 வரை வாரியத்தின் தலைவர். 1958இல் பத்ம பூஷண். பிறகு நாடாளுமன்ற உறுப்பினர், வானொலி வர்ணனையாளர். பல்கலைக்கழக அணிகளுக்கான போட்டிக்கு அவர் பெயரில் விசி டிராபி. கமிஷன் அறிக்கை நிர்வாகத்தில் அவர் ஏறிய படியில் ஒன்றைக்கூட உடைக்கவில்லை.

ஒரு நியாயம் சொல்லணும். விசி கெட்டவர் மட்டும் என்று முடித்தால் தப்பாகிவிடும். 1947இல் சர் பட்டத்தைத் துறந்தார். கிரிக்கெட் மேல் அவருக்கு இருந்தது உண்மையான பைத்தியம், அதற்குத் தன் பணத்தைக் கொட்டினார். அந்தப் பைத்தியத்துக்கும் பணத்துக்கும் கடிவாளம் போட ஒரு அமைப்பு அன்றைக்கு இல்லை. பணம் கொடுப்பவர், கேப்டன், அணியில் யார் ஆடுவது என்று முடிவு செய்பவர், தண்டிப்பவர் எல்லாம் ஒரே ஆள் அல்லது அவர் கூட்டாளி. அந்த இடத்தில் நல்ல மனுஷனை வைத்தாலும் ஆறு மாசத்தில் கோணலாகிவிடும். போர்பந்தர் மாதிரி தானே ஒதுங்குகிறவர் எத்தனை பேர்?

இது நம் நோய் மட்டுமா?

இல்லை. ஒழுக்கத்துக்கும் பணிவுக்கும் பெயர் போன ஜப்பானைப் பாருங்க. 2012 லண்டன் ஒலிம்பிக் முடிந்த பிறகு, தேசிய அளவிலான பதினைந்து ஜூடோ வீராங்கனைகள் தலைமைப் பயிற்சியாளர் சோனோடா ரியூஜி மேல் புகார் கொடுத்தார்கள். மூங்கில் வாளால் அடித்தார், அறைந்தார், அவமானப்படுத்தினார் என்று. ஜூடோ சம்மேளனத்துக்குள் தீர்வு கிடைக்காமல் நாட்டின் ஒலிம்பிக் கமிட்டிக்குப் போக வேண்டியிருந்தது. விஷயம் 2013 ஜனவரியில் வெளியே வந்ததும் அவர் பதவி விலகினார். பதினைந்து பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டதால் நடந்தது அது. ஒருத்தி மட்டும் போயிருந்தால் அவளும் கப்பல் ஏறியிருப்பாள்.

நம்ம நாட்டில் 2023 ஜனவரியில் மல்யுத்த வீராங்கனைகள் ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள், சம்மேளனத் தலைவர் மேல் பாலியல் புகாரோடு. மேரி கோம் தலைமையில் குழு அமைத்தார்கள். குழுவின் அறிக்கை முழுசாக மக்கள் பார்வைக்கு வரவில்லை. அந்த வகையில் வெள்ளைக்காரன் காலத்து பியூமான்ட் கமிட்டி பரவாயில்லை என்று சொல்ல வேண்டியிருக்கு, வெட்கமாகத்தான் இருக்கு. 2025 ஆகஸ்டில் தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம் வந்திருக்கிறது, தனித் தீர்ப்பாயம் எல்லாம் உண்டு. சட்டம் டெல்லியில் இருக்கும். தென்காசியில் பெயர்ப் பட்டியல் டைப் அடிக்கும் மேசைவரை அது வந்து சேருமா என்பதைத்தான் பார்க்கணும்.

சாதியைப் பேசாமல் இந்தக் கதை முழுமையாகாது. விசிக்கு முப்பது வருஷம் முன்னாலேயே பல்வாங்கர் பாலூ என்ற தலித் சுழற்பந்து வீச்சாளர் புனேயில் ஆடினார். களத்தில் பந்தைத் தொடலாம், டீ மட்டும் தனியாக, மண் குவளையில். பம்பாயின் இந்து அணிக்கு அவர் ஜெயித்துக் கொடுத்தார், கேப்டன் பதவி கடைசிவரை கிடைக்கவில்லை. 1923இல் அவர் தம்பி விட்டல்தான் அந்த இடத்துக்கு வந்தார். ஒரு தலைமுறை காத்திருப்பு. விசி செய்ததைத் தனி ஒரு ராஜாவின் கிறுக்கு என்று ஒதுக்கிவிட முடியாது என்பதற்காக இதைச் சொல்றேன். யார் தலைமை தாங்கலாம், யார் காத்திருக்கணும் என்ற வரிசை மைதானத்துக்கு வெளியே ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது.

கடைசியா

கோபாலன் 94 வயது வரை வாழ்ந்தார், 2003 டிசம்பரில் காலமானார். தேசியத் தேர்வாளராகவும் இருந்தார். ஆடாமல் உட்கார்ந்தவர், பிறகு யார் ஆடுவது என்று முடிவு செய்யும் நாற்காலியில் உட்கார்ந்தார். மதராஸும் சிலோனும் ஆண்டுதோறும் ஆடிய போட்டிக்கு 1952-53 முதல் கோபாலன் டிராபி என்றே பெயர். இலங்கை டெஸ்ட் நாடாக மாறும் முன்னால் அவர்களுடைய பல நல்ல ஆட்டக்காரர்கள் அந்தக் கோப்பைக்காகத்தான் சேப்பாக்கத்துக்கு வந்து போனார்கள்.

ஆக, ஒரு டிராபி விசி பெயரில், ஒரு டிராபி கோபாலன் பெயரில். ஒன்று பதவியில் இருந்தவருக்கு, ஒன்று பந்து வீசியவருக்கு. வரலாறு இரண்டு பேரையும் ஒரே அலமாரியில்தான் வைக்குது. எந்தக் கோப்பை யாருடையது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் வேலை நமக்கு.

விளையாட்டில் பிள்ளைகள் இருக்கிற பெற்றோர், பயிற்சியாளர் யாராவது இதைப் படிச்சா ஒரு வேண்டுகோள். பையன் தோத்துட்டு வந்தா என்ன ஸ்கோர்னு கேளுங்க. ஆடாம வந்தா, ஏன் ஆடலைன்னு ஒரு வார்த்தை கேளுங்க. கோபாலனிடம் அந்த 1936 ஆகஸ்டில் யாராவது கேட்டிருப்பாங்களான்னு எனக்கு அடிக்கடி தோணும்.

ஏ.ஜி. ராம் சிங் பற்றிய குறிப்பு அடுத்து.